தடுப்பூசிக்கு ஆயிரம் கேள்வி, குப்பிக்கு ஒரு கேள்வியும் இல்லை

அப்பாவுக்குக் கொரோனா தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று எங்கள் குடும்பத்தில் வாரக்கணக்கில் பேசினார்கள். அவருக்கு மூச்சுத் திணறல் வந்தபிறகு, யார் தயாரித்தது, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒரு குப்பி மருந்துக்காக என் சேமிப்பைத் துடைத்தெடுக்கச் சொல்ல அதே குடும்பத்துக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. இரண்டு முடிவையும் எடுத்தவர்கள் ஒரே ஆட்கள். இரண்டு நேரத்திலும் அவர்கள் மனதில் இருந்தது அப்பாமேல் உள்ள பாசம்தான். இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அடுத்து ஒரு பெருந்தொற்று வந்தால் எந்த வீட்டிலும் இதே கதை அப்படியே நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான். அந்த நாட்களில் என்னோடு ஓட வீட்டில் வேறு ஆள் இல்லை. அக்கா வெளிநாட்டில். அம்மாவுக்கும் தொற்று, தனி அறையில் இருந்தார். எதை நம்புவது, எதற்குப் பணம் கொடுப்பது, யாரிடம் என்ன கேட்பது என்று முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பல வருடமாகச் சுகர். 2021 தொடக்கத்தில் அவருடைய வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி கிடைக்க ஆரம்பித்தபோது அவரே ஆர்வமாகத்தான் இருந்தார். மார்ச் மாதம் எல்லாம் மாறிவிட்டது. ஆஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி போட்டவர்களில் சிலருக்கு வழக்கத்துக்கு மாறான இடங்களில் ரத்தம் உறைகிறது என்று செய்தி வந்தது. டென்மார்க் நிறுத்தியது, அடுத்த சில நாட்களில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி நிறுத்தின. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி ஒரே நாளில் எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ண முடியாது. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், போன் போட்டு அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சும்மா நல்லா இருக்கிற உடம்புல எதுக்கு மாப்ள வம்பை ஏத்திக்கிறீங்க? கொஞ்ச நாள் பொறுங்க, என்ன ஆகுதுன்னு பாப்போம்."

அந்தச் செய்தியின் மறுபாதி எங்கள் குழுவுக்கு வந்து சேரவே இல்லை. அது நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ஐரோப்பிய மருந்து முகமை, ஆபத்தைவிடப் பயன் அதிகம் என்று அறிவித்தது. ஏப்ரல் 7ஆம் தேதி, இந்த ரத்த உறைவை மிக அரிதான பக்கவிளைவாகச் சேர்க்க வேண்டும் என்றும் அதே முகமை சொன்னது. மறைக்கவில்லை. பிரிட்டனில் பிறகு வந்த கணக்குப்படி வயதானவர்களில் சுமார் ஒரு லட்சத்தில் ஒருவருக்கும், ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒருவருக்கும் வந்தது. இளையவர்களுக்குக் கொரோனாவால் சாகும் வாய்ப்பு குறைவு, ரத்த உறைவு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், எனவே அவர்களுக்கு வேறு தடுப்பூசி கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். திரும்ப ஆரம்பித்தபோது பிரான்ஸ் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், மாத இறுதியில் ஜெர்மனி 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அதே ஊசியைப் போட்டன. இதை யோசித்துப் பாருங்கள். என் அப்பாவைப் பயமுறுத்திய செய்தி முக்கியமாக இளையவர்களைப் பற்றியது. பயந்து நிறுத்திய பிரான்சும் ஜெர்மனியுமே, அவர் வயதுக்காரர்களுக்கு இது சரி என்று திரும்பப் போட ஆரம்பித்திருந்தன. "நிறுத்திவிட்டார்கள்" என்பது மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. "யாருக்கு நிறுத்தினார்கள்" என்பது வரவில்லை. அதனால் ஒரு மருந்தோ தடுப்பூசியோ ஆபத்து என்று கேள்விப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வயதுக்காரர்களுக்கு, எத்தனை பேரில் ஒருவருக்கு என்பது. செய்தி வந்து ஒரு மாதம் கழித்து அதே விஷயத்தை மறுபடி தேடிப் பாருங்கள். முதல் நாள் தலைப்பைவிட ஒரு மாதம் கழித்து வரும் விளக்கத்தில்தான் விவரம் இருக்கும்.

மாமா சொன்ன "நல்லா இருக்கிற உடம்பு" என்ற வாதத்துக்குப் பதில் சொல்வது எளிதில்லை, ஏனென்றால் அது ஓர் உண்மையான மனவலியிலிருந்து வருகிறது. நாமே கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் போட்ட ஊசியால் ஏதாவது நடந்துவிட்டால் காலத்துக்கும் உறுத்தும். போடாமல் விட்டு நோய் வந்தால், அது விதி என்று மனம் ஆறிவிடும். செய்வதால் வரும் தீங்கு, செய்யாமல் விடுவதால் வரும் தீங்கைவிடப் பெரிதாகத் தெரியும் இந்த மனநிலையைத் தடுப்பூசியை வைத்தே இலானா ரிட்டோவ், ஜொனாதன் பேரன் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1736இல், பெஞ்சமின் பிராங்க்ளினின் நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். அவனுக்கு அம்மைப்பால் குத்தாமல் விட்டதற்காகக் கடைசிவரை வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார். குத்தி, அதனால் பிள்ளை போய்விட்டால் தங்களை மன்னிக்கவே முடியாது என்று தயங்கும் பெற்றோர்களுக்காக இதைச் சொல்வதாகவும், வருத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றும் எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்குக் கிடைக்காத வார்த்தைகள் அங்கே இருந்தன.

பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்ட அந்த இடைவெளியில்தான் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மாலைக்குள் வீட்டில் ஒரு பை நிறைய மாத்திரை சேர்ந்துவிட்டது. மாமா அனுப்பிய ஒரு மருந்துச் சீட்டின் படம், அத்தை பையன் எழுதிக் கொடுத்தது, பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்திருந்தது எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அசித்ரோமைசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின், துத்தநாகம், வைட்டமின் சி, ஒரு பாராசிட்டமால் அட்டை, அதோடு ஒரு சளி மாத்திரை அட்டை. சளி மாத்திரையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதை போன் வெளிச்சத்தில் படித்தால் அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள், வயதானவர்களுக்கு இன்னும் குறைவாகவே மருத்துவர் சொல்வதுண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கல்லீரல் திடீரெனச் செயலிழப்பதற்கு முதல் காரணமே அளவுக்கு மீறிய பாராசிட்டமால்தான். ஆனால் எந்த வீட்டிலும் பாராசிட்டமாலுக்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

மற்ற மாத்திரைகளின் கதையும் அப்போதே தெரிந்த கதைதான். ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 மார்ச் மாதம் அவசர அனுமதி கொடுத்தது, பலன் இல்லை என்று ஜூன் 15ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வும் அதே மாதம், மருத்துவமனை நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்றது. இதற்கிடையில் லூபஸ், மூட்டுவாத நோயாளிகள் தங்களுக்கு அன்றாடம் தேவையான அந்த மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள். அதுவும் அசித்ரோமைசினும் தனித்தனியாகவே இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவை, சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸைத் தொடாது. ஐவர்மெக்டினைத் தயாரிக்கும் மெர்க் நிறுவனமே 2021 பிப்ரவரியில், கொரோனாவுக்கு இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. விற்பவரே வேண்டாம் என்கிற மருந்து எங்கள் மேசையில் இருந்தது. அதைக் கொடுக்கச் சொன்ன யாரும், தடுப்பூசிக்குக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட இதற்குக் கேட்கவில்லை. எவ்வளவு பேரிடம் சோதித்தார்கள், நீண்டகாலத்தில் என்ன ஆகும், எந்தக் கம்பெனிக்கு லாபம், ஒன்றுமே இல்லை. நான் பாராசிட்டமால் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பையில் போட்டுக் கட்டி வைத்தேன். அதற்காக "அப்பாவுக்கு மருந்துகூட வாங்கித் தராதவள்" என்று குழுவில் பேச்சு வாங்கினேன். இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்கும் ஒரு பை வந்து சேரும். அதைத் தூக்கி எறிந்து சண்டை போட வேண்டாம். எல்லா அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பெயர் தெரியும்படி ஒரே படம் எடுங்கள், மருத்துவருக்கு அனுப்பி எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். "டாக்டர் எழுதியிருக்கிறார்" என்ற ஒரு வரிக்கு உள்ள மரியாதை, நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் உங்கள் பேச்சுக்குக் கிடைக்காது.

ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கியதும் மருத்துவமனைக்குப் போனோம். படுக்கை கிடைக்க நாங்கள் பட்டதை எழுதப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த துயரம். உள்ளே போன அன்று மாலை ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி மருந்து, ஆறு குப்பி, வெளியே வாங்கி வர வேண்டும். அந்தச் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்ட நிமிடத்திலிருந்து எல்லோரும் உயிர்பெற்று எழுந்ததுபோல் வேலை செய்தார்கள். நம்பர்கள் வந்து குவிந்தன. தடுப்பூசிக்கு "பொறுங்க" என்ற அதே மாமா, "எவ்வளவு கேட்டாலும் குடுத்துடும்மா, உசுரைவிட காசா பெருசு?" என்றார். முதலில் பேசியவர் முழுப் பணத்தையும் முன்பே அனுப்பச் சொன்னார், பாதி அனுப்பியதும் அவர் போன் அணைந்துவிட்டது. இரண்டாவது ஆள் நேரில் வந்தார். அடுத்த வருடம் வீடு மாறுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் அன்று இரவு அவர் கைக்குப் போனது. ரசீது கிடையாது.

குப்பிகளை மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் மருந்தாளுநர் ஒரு குப்பியை விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டைப்பெட்டியில் ஒரு பேட்ச் எண், குப்பியில் வேறு எண். மருந்தின் பெயரிலேயே ஓர் எழுத்து பிழை. ரப்பர் மூடியைச் சுற்றி இருக்கும் அலுமினியப் பட்டை ஒரு பக்கம் நசுங்கி, பிரித்து மறுபடி அழுத்தியதுபோல் இருந்தது. "இதை ஏத்த முடியாதுங்க மேடம்" என்று மெதுவாகச் சொல்லி என் பக்கம் தள்ளினார். எனக்கு எதுவும் பேச வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தேன். பணம் போனதைவிட, அப்பாவுக்கு உயிர் காக்கும் மருந்தை என்னால் கொண்டுவர முடியவில்லை என்பதுதான் அப்போது நெஞ்சை அடைத்தது. நம்பர் கொடுத்தவர்கள்மேல் ஆத்திரம், யாரிடம் காட்டுவது என்று தெரியாத ஆத்திரம்.

அன்று இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் அந்தப் படி வழியாக இறங்கி வந்தவர், என்னைப் பார்த்து நின்றார். அவர் சொன்ன சில நிமிடப் பேச்சுதான் எனக்கு அந்த நாட்களில் கிடைத்த உருப்படியான உதவி. "மேடம், அந்த மருந்து கிடைக்கலைன்னா அப்பாவுக்கு வைத்தியமே இல்லைன்னு நினைக்காதீங்க. கிடைச்சா குடுப்போம், அவ்வளவுதான். இப்போ அவருக்கு வேலை செய்றது ஆக்சிஜனும் டெக்சாங்கிற ஸ்டீராய்டும்தான். குப்புறப் படுக்க வைக்கிறோம், அதுல நல்லா ஏறுது. சுகர் மட்டும்தான் எனக்குக் கவலை." எளிய வார்த்தைகள். அவர் சொன்னதற்குப் பின்னால் பெரிய ஆதாரம் இருந்தது என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் சாவை ரெம்டெசிவிர் பெரிதாகக் குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. நவம்பரில் அந்த நிறுவனம் அதைப் பரிந்துரைக்கவில்லை என்றே அறிவித்தது. பின்னால் 2022இல், நோய் லேசாக இருக்கும்போதே ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுத்தால் பயன் உண்டு என்று தெரியவந்து பரிந்துரையை மாற்றினார்கள். அதாவது மருந்து ஒன்றேதான், கொடுக்கும் கட்டத்தைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. நாங்கள் உயிரைக் கொடுத்துத் தேடியது பலன் குறைந்துபோன கட்டத்தில்.

டெக்சாமெத்தசோன் விஷயம் இன்னும் தெளிவானது. பல பத்தாண்டுகளாக இருக்கும், எங்கும் கிடைக்கும், மிக மலிவான ஸ்டீராய்டு. 2020 ஜூன் 16ஆம் தேதி ரெகவரி ஆய்வு முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் சாவு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. அந்தப் பிரிவில் மருந்து வாங்கியவர்களில் 17.8 விழுக்காட்டினரும், வாங்காதவர்களில் 14 விழுக்காட்டினரும் இறந்தார்கள், எனவே தீங்காகக்கூட இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. ஆனால் காய்ச்சல் வந்த முதல் நாளே வீட்டில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். சுகர் உள்ளவர்களுக்கு அது எகிறி, கரும்பூஞ்சை வரை போன கதைகளும் அந்த வருடம் வந்தன. என் அப்பாவுக்கும் சுகர் எகிறி இன்சுலினில் கொண்டுவந்துதான் நிறுத்தினார்கள். ஒரு மருந்து வேண்டும் என்று உங்களிடம் சீட்டு நீட்டினால், இது இல்லாவிட்டால் இந்தக் கட்டத்தில் என்ன வித்தியாசம், மாற்றாக என்ன கொடுக்கிறீர்கள், இவருக்கு உள்ள மற்ற நோய்களோடு ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள் என்று பயந்தேன். யாரும் கோபப்படவில்லை. வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் பெட்டி, குப்பி இரண்டிலும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி படம் கேளுங்கள், அதை மருத்துவமனை மருந்தாளுநரிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். ரசீது தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருகிறவர் தருவது மருந்தே இல்லை.

அப்பா ஆக்சிஜனில் இருந்தபோதே மாமாவிடமிருந்து இன்னொரு யோசனை வந்தது. நோய் வந்தவர்களுக்குப் போடும் ஆன்டிபாடி கலவை ஊசி ஒன்று இருக்கிறதாம், அதை ஏற்பாடு செய்ய முடியுமா என்று. இங்கேதான் எனக்கு எல்லாம் வெளிச்சமானது. தடுப்பூசிக்கு மாமா சொன்ன பெரிய ஆட்சேபம், அதற்கு "அவசர அனுமதிதான் இருக்கிறது, முழு அனுமதி இல்லை" என்பது. அந்த ஆன்டிபாடி ஊசிக்கும் அமெரிக்காவில் 2020 நவம்பரில் கிடைத்தது அதே அவசர அனுமதிதான். ஃபைசர் தடுப்பூசி 40,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டு, 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதி முழு அனுமதியும் வாங்கிவிட்டது. அப்போதும் ஆன்டிபாடி ஊசி அவசர அனுமதியில்தான் இருந்தது. அனுமதியின் பெயர் ஒன்றே. ஒன்று நலமாக இருப்பவர் கையில் ஏறுகிறது, மற்றது நோய் வந்தவர் கையில் ஏறுகிறது. அவ்வளவு வித்தியாசத்தில் அதே சொல் ஒரு இடத்தில் பயமாகவும் இன்னொரு இடத்தில் நம்பிக்கையாகவும் மாறிவிடுகிறது. இதில் மாமாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நோய் வந்தபிறகு நம் கண்முன் ஒரு முகம் இருக்கிறது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று கை துடிக்கிறது. பிழைத்து வந்தவர், அந்த மருந்துதான் காப்பாற்றியது என்று சொல்வார். தடுப்பூசியால் நோய் வராமல் போனவருக்குச் சொல்ல ஒரு கதையே இல்லை.

இது கொரோனாவோடு வந்த வழக்கமும் இல்லை. 2009 பன்றிக் காய்ச்சலின்போது பல அரசுகள் டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மருந்தை மலைபோல் வாங்கிக் குவித்தன, பிரிட்டன் மட்டும் அதை ஒட்டிய சில வருடங்களில் மொத்தம் 424 மில்லியன் பவுண்டு செலவிட்டது. காய்ச்சல் அறிகுறிகள் நீடிக்கும் காலம் அந்த மருந்தால் பெரியவர்களுக்கு 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் கணக்குக் காட்டியது. அதே தொற்றுக்கான தடுப்பூசியைப் பிரான்சில் பத்தில் ஒருவர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. தடுப்பூசிமேல் உள்ள பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டவர்களில் சுமார் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகக் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்தது, திட்டத்தையே நிறுத்தினார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சலுக்குப் போட்ட பேண்டம்ரிக்ஸ் தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்து, ஸ்வீடன் குழந்தைகள் சிலருக்குப் பகலில் அடக்க முடியாமல் தூங்கிவிடும் நார்கோலெப்சி நோய் வந்தது. ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பிறகு இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசை அழற்சி வந்ததும் உண்மை. இவையெல்லாம் வெளியே தெரிந்ததற்குக் காரணம், தடுப்பூசிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கணக்கு வைத்திருந்தார்கள் என்பதுதான். எங்கள் மேசையில் கொட்டிய அந்தப் பையால் யாருக்கு என்ன ஆனது என்று எந்தக் கணக்கிலும் இருக்காது. கணக்கு இல்லாததை ஆபத்து இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறோம்.

அப்பா மெலிந்து, குரல் கம்மி வீட்டுக்கு வந்தார். குளியலறை வரை நடக்கவே பிறகு பல வாரம் பிடித்தது. மருத்துவர் சொன்ன இடைவெளி முடிந்ததும் தடுப்பூசிப் பேச்சை மறுபடி எடுத்தேன். இந்த முறை குழுவில் பேசவில்லை. அப்பாவிடம் மட்டும், "உங்களுக்கு எதுப்பா பயம்?" என்று கேட்டேன். யாரும் அதுவரை அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. அவர் பயந்தது சாவுக்கு இல்லை. "ரத்தம் கட்டி, கை கால் விழுந்து, உங்களுக்குப் பாரமா கிடந்துட்டா?" என்றார். அவர் வருடக்கணக்காகக் காலை மாலை விழுங்கும் மெட்ஃபார்மின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். லாக்டிக் அசிடோசிஸ் என்ற ஒரு பக்கவிளைவு, மிகக் கடுமையானது, உயிருக்கே ஆபத்தாகலாம், மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரை வரலாம் என்று இருந்தது. பிறகு போனில் ஆஸ்ட்ராஜெனெகாவின் தாளைக் காட்டினேன். ரத்த உறைவுக்கு நேராக இருந்ததும் அதே "மிக அரிது" வகைதான், பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் தானே படித்தார். "இத்தனை வருஷமா இதை நான் முழுங்கிட்டிருக்கேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்று அந்த நேரம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது, அதனால் சுகரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் பேசினோம். தாளில் இருப்பது ஆபத்துப் பக்கம் மட்டும், எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சேர்த்துப் பேசாவிட்டால் அந்தத் தாள் யாரையும் பயமுறுத்தும். மறுநாள் அவருடைய சுகர் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பல வருடம் பார்க்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னார், அப்பா சரி என்றுவிட்டார்.

ஊசி போட்ட அன்று இரவு அவருக்கு உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் வந்தன. இதற்கு அவரை முன்பே தயார் செய்திருந்தேன், அதனால் வீடு பதறவில்லை. எது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன்: விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், தோலில் சிறு ரத்தப் புள்ளிகள், அதுவும் ஊசி போட்ட சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வந்தால். பயத்தைப் போக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்வதைவிட, என்ன ஆகலாம், ஆனால் என்ன செய்வோம் என்று சொன்னால் வயதானவர்கள் நம்புகிறார்கள். 12 தடுப்பூசி ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2022 ஜனவரியில் வெளியான ஒரு கணக்கில், மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவர்களிலும் 35 விழுக்காட்டினர் முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, அசதி போன்றவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஊசிக்குப் பிறகு வந்ததெல்லாம் ஊசியால் வந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு அப்பாவின் நண்பர்களிடம் நான் இப்போது சொல்வது இதைத்தான்.

மாமா கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் அவருக்கும் தொற்று வந்து, லேசாகப் போய்விட்டது. தான் நினைத்தது சரி என்கிறார். ஒருவருக்கு லேசாகப் போனதை வைத்து இன்னொருவருக்குச் சொல்ல முடியாது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவர் இதயத்துக்காக எடுக்கும் மாத்திரைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, அவரைப் பார்க்கும் மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, அப்பா அம்மா விவரங்களோடு என் போனிலும் அத்தையின் பையிலும் வைத்திருக்கிறேன். குப்பிக்குக் கொடுத்த பணத்துக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அனுப்பிய தொகைக்கு வங்கிப் பதிவு இருந்ததால் முதல் ஆளைப் பற்றிய புகார் மட்டும் விசாரணைக்குப் போனது, பணம் இன்னும் வரவில்லை. கையில் கொடுத்ததற்கு எதுவும் இல்லை. அந்தக் குப்பிகளை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒப்படைத்தேன். உங்களிடம் அப்படி ஏதாவது வந்து சேர்ந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பெட்டியோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்த வீட்டில் அதே பேட்ச் எண்ணை யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.